லெப்ரேர் வீட்டுக் கல்யாணம்

புதுச்சேரி உப்பளம் பகுதியில் லெப்ரேர் பிரகாசத்தின் வீடு எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "சத்தம் எங்க வருதோ அங்க போ" என்பார்கள். அந்த மனுஷனுக்கு அப்பேர்ப்பட்ட தொண்டை. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பிரெஞ்சு நீதிபதி வீட்டுக் குசினி அவர் கையில் இருந்தது. நீதிபதி தூக்குத் தண்டனை சொல்லும்போதுகூடக் குரலை உயர்த்தமாட்டாராம். சூப்பில் உப்புக் குறைந்துவிட்டால் அவருடைய சமையல்காரர் போடும் சத்தம் கடற்கரைக்குக் கேட்கும்.

கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. ஆனாலும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கோபம் நிஜமாகவே வரும். அது அவருடைய குடும்பப் பெயர்.

லெப்ரேர் என்று ஒரு பெயரா? புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருக்கிற தமிழர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பூவின் பெயர், மரத்தின் பெயர், புனிதர் பெயர், எசமானின் பெயர் என்று என்னென்னவோ இருந்தன. ஆனால் லெப்ரேர் என்று இரண்டே வீடுதான். ஒன்று பிரகாசம் வீடு. அடுத்த தெருவில் அமலநாதன் வீடு. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சகோதரன் என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. மீன் மார்க்கெட்டில் ஒருவன், "மடத்துல இருக்கிற பிரதரை அப்படித்தான் கூப்பிடுவாங்க. இவரு தாத்தா மடத்துல பிரதரா இருந்து, சொவுரேறிக் குதிச்சு ஓடிவந்து கல்யாணம் கட்டிக்கினவராம்" என்று அவிழ்த்துவிட்டான். நம் ஆள் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் நல்ல கனமான கொடுவா மீன் ஒன்று இருந்தது. அதாலேயே அவனைத் துரத்திக்கொண்டு மார்க்கெட் வாசல் வரைக்கும் ஓடினார். அன்றைக்கு நீதிபதி வீட்டு மேஜைக்கு வந்த மீனுக்கு வால் இல்லை.

நிஜக் கதை வேறே. அது பிரகாசம் பிறப்பதற்கும் முன்னால் நடந்தது.

பிரகாசத்தின் அப்பா சவரிராயன், அமலநாதனின் அப்பா மிக்கேல். இருவரும் ஒரே புஸ்புஸ் வண்டியைத் தள்ளியவர்கள். துரையோ துரைசானியோ உள்ளே உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்தைத் திருப்புவார்கள். பின்னாலிருந்து தள்ளுவது ஆட்களின் பாடு. வெயிலோ மழையோ, இந்த இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து தள்ளிக்கொண்டே போவார்கள். புதிதாக வண்டியேறுகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரும் இறங்கும்போது சவரிராயனைக் கேட்பார், "இவன் யார், உன் தம்பியா?" என்று. சவரிராயனுக்குத் தெரிந்த பிரெஞ்சு கையளவு. அந்தக் கையளவு பிரெஞ்சில், இல்லை துரை, நாங்கள் வேறு வேறு சனம், ஒருவர் வீட்டுத் தண்ணீரை இன்னொருவர் குடிக்கக்கூடாது, என்றெல்லாம் விளக்க முடியுமா? "வுய், முசியே, தம்பிதான்" என்று சொல்லிவிட்டுப் போவார். தினமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிப் போயிற்று.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் இருவரும் பிரிய வேண்டும். அந்தக் காலத்தில் கோயிலுக்கு உள்ளேயே ஒரு குட்டைச் சுவர் இருந்தது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம், கீழ்சாதி என்று சொல்லப்பட்டவர்கள் அந்தப் பக்கம். ஒரே சாமி, ஒரே பூசை, நடுவில் சுவர். இவர்களில் ஒருவர் இந்தப் பக்கம் முழங்கால் போட்டார், மற்றவர் அந்தப் பக்கம். யார் எந்தப் பக்கம் என்று இப்போது கேட்காதீர்கள்.

அந்த நாளில்தான் ஒரு சட்டம் வந்தது. எங்கள் பழைய சாதி வழக்கம் எதுவும் வேண்டாம், இனிமேல் பிரெஞ்சுச் சட்டம்தான் எங்களுக்கும் என்று எழுதிக் கொடுத்தால் குடும்பப் பெயர் ஒன்று சூட்டிக்கொள்ளலாம். சனங்கள் வரிசையில் நின்றார்கள். இந்த இரண்டு பேரும் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தலைத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு போய் நின்றார்கள். "என்ன பேர் வேணும்?" என்று கேட்டார் குமாஸ்தா.

சவரிராயன் மிக்கேலைத் தொட்டுக் காட்டினார். "தெனம் எல்லாரும் கேக்கறாங்களே, அதையே எழுதுங்க. லெப்ரேர். ரெண்டு பேருக்கும்."

குமாஸ்தா சிரித்தார். "அது பேரில்லையப்பா. முறை."

"எங்களுக்கு அந்த முறைதாங்க வேணும்" என்றார் சவரிராயன்.

அப்படி வந்த பெயர் அது. அன்றிலிருந்து இருவருக்கும் குடும்பம் ஒன்று. சவரிராயன் செத்தபோது மிக்கேல் கூடப் பிறந்தவனாகப் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினார். அந்த வருஷம் மிக்கேல் வீட்டில் கிறிஸ்மஸ் பலகாரம் சுடவில்லை. பிறகு மிக்கேல் போனார். கோயிலின் குட்டைச் சுவரையும் இடித்துவிட்டார்கள். பழசு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போய்ச் சேர, லெப்ரேர்கள் அண்ணன் தம்பி பங்காளிகள் என்று ஊரே நம்பிவிட்டது. பிரகாசத்தின் மகள் அமலநாதனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

பிரகாசத்துக்கு இதில் கொள்ளைப் பெருமை. "கூடப் பொறந்த அண்ணன் தம்பி வேலிக்கும் கிணத்துக்கும் அடிச்சுக்குவான். நாங்க பேர்ல பொறந்தவங்கடா" என்று சொல்லிக்கொள்வார்.

அமலநாதன் அவருக்கு நேர் எதிர். கடலுக்குள் நீண்டிருந்த துறைமுகப் பாலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. நூறு ஆளை வேலை வாங்குகிறவர். ஆனால் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. மனைவி பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாள். குழந்தையைக் காரைக்காலில் மாமன் வீட்டார் எடுத்து வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வீட்டுச் சாப்பாடு. பூசை முடிந்ததும் பாலத்தடியில் வாங்கிய மீனோடு பிரகாசம் வீட்டுக்கு வந்துவிடுவார். பிரகாசம் முதல் நாளே பன்றிக்கறியைக் காடியிலும் பூண்டிலும் ஊறவைத்திருப்பார். ஞாயிறு சமையலில் அவர் மனைவி அகஸ்டினாவுக்கு வேலையில்லை. "அடுப்புக்கிட்ட வராத, கெடுத்துப்புடுவ" என்று விரட்டுவார். அவளும் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் பிரான்சுவா வந்து இறங்கினான். அமலநாதனின் மகன். காரைக்காலில் படித்துவிட்டு, அங்கிருந்தே கப்பலேறிச் சைகோனுக்குப் போய்ச் சுங்க ஆபீசில் வேலை பார்த்தவன். விடுப்பில் வந்திருந்தான். புதுச்சேரியில் அவன் முகத்தை ஒழுங்காகப் பார்த்தவர்களே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வம்பு. சாப்பிட உட்கார்ந்தவன் சும்மா இருக்காமல், "சைகோன் ரொட்டி மாதிரி நம்மூரு ரொட்டி வராது" என்று சொல்லிவிட்டான். பரிமாறிக்கொண்டிருந்த பிரகாசத்தின் மகள் ஆனந்தமேரி கரண்டியை அப்படியே நிறுத்தினாள். அவளுக்கு அப்பாவின் தொண்டை வரவில்லை, வாய் வந்திருந்தது.

"அப்படின்னா அங்கயே சாப்ட்டிருக்கலாமே. எதுக்கு இம்மாந்தூரம் கப்பல்ல வரணும்?"

பிரகாசம் விழுந்து விழுந்து சிரித்தார். அமலநாதன்கூடச் சிரித்தார். பிரான்சுவா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை குழம்பு கேட்டான். அப்புறம் மூன்றாம் தடவையும் கேட்டான்.

அகஸ்டினா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே தவிர, கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒன்றைக் கவனித்தாள். சித்தப்பா மகன், அண்ணன் முறை. ஆனால் ஆனந்தமேரி ஒரு தடவைகூட அவனை அண்ணே என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்றாள். "அவங்களுக்குச் சோறு வேணுமாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாலைந்து ஞாயிறு போயிற்று. முறை வைத்துக் கூப்பிடுகிற பாட்டைக் காணோம். ஒருநாள் குசினியில் வைத்து மகளைக் கேட்டே விட்டாள்.

"அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்ட்டா நாக்கு சுருங்கிடுமாடி?"

"சுருங்காது. ஆனா கூப்பிட மாட்டேன்."

"ஏன்?"

"அண்ணன் இல்லையேம்மா" என்றாள் ஆனந்தமேரி. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை.

பெற்றவளுக்கு அது போதாதா? புருஷன் போடப்போகிற சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பையன் தங்கம். குடி கிடையாது, சூது கிடையாது. பிரகாசம் நல்ல மூடில் இருக்கிற ஒரு சாயங்காலம் பார்த்து மெதுவாக எடுத்தாள்.

அடேயப்பா! அன்றைக்கு உப்பளமே நடுங்கிப் போயிற்று. "தங்கச்சி முறைடி! தங்கச்சி! எங்கப்பன் குடுத்த பேரு என்ன? ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேரு! அண்ணன் தம்பி பெத்ததுங்க கட்டிக்கிறதா? தூ!" கையில் கிடைத்த சல்லடை வாசலுக்குப் பறந்தது. அகஸ்டினா அசையவில்லை. அவளுக்கு இந்த மழையில் நனைந்து பழக்கம்.

"ஏங்க, ரத்தத்துல..."

"ரத்தம் கித்தம்னு எவளாவது பேசினா அவ்ளோதான்!"

மறுநாள் அமலநாதனை வரச் சொன்னார். மகன் ஏற்கெனவே அப்பாவிடம் மனசைத் திறந்திருந்தான் போலிருக்கிறது. அமலநாதன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிரகாசம் கத்தித் தீர்க்கும் வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒண்ணு சொன்னா கோச்சுக்காதண்ணே. நெசத்துல நாம வேற வேறதானே?"

இத்தனை வருஷத்தில் இருவரும் தமக்குள்கூட அந்த வார்த்தையைப் பேசியதில்லை. அதைப் போய் இவனா சொல்ல வேண்டும்? அமலநாதன் சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார். அன்று முழுக்கப் பிரகாசத்தின் வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. பக்கத்து வீட்டுத் தனக்கொடி, அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு அமலநாதன் வரவில்லை. பிரகாசமும் அடுப்புப் பக்கம் போகவில்லை. அகஸ்டினா ஏதோ ஒரு ரசம் வைத்தாள். ஆனந்தமேரி அப்பாவுக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க வேணாம்னா நான் கட்டிக்க மாட்டேன்பா. வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு திட்டாதீங்க."

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். குழந்தையில் காய்ச்சல் கண்டால் இப்படித்தான் கண்ணெல்லாம் பளபளவென்று இருக்கும். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

பிரகாசம் கெட்ட மனுஷன் இல்லை. அவருடைய சங்கடத்தையும் கொஞ்சம் பாருங்கள். மகளைக் கொடுத்தால் இரண்டு வீடும் ஒரே குடும்பம் இல்லை என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். அப்பா வெயிலில் வண்டி தள்ளித் தள்ளிச் சம்பாதித்து வைத்துவிட்டுப் போன தம்பி அது. அந்தத் தம்பியை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மகள். இரண்டில் எதைத் தொட்டாலும் அவருக்கு நெஞ்சு வலித்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை, பழக்க தோஷத்தில் வழக்கம்போலக் கறி வாங்கி ஊறப்போட்டுவிட்டார். ஞாயிறன்று பெரிய சட்டி நிறையக் குழம்பு கொதித்தது. சாப்பிட ஆள் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அமலநாதன். கையில் மீன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பையனை மொதக் கப்பல்லயே அனுப்பிடறேண்ணே. பேசி முடிச்சுட்டேன். நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. மறந்துடு. எனக்குப் புள்ள ஒருத்தன்தான். அண்ணனும் ஒருத்தன்தானே?"

பிரகாசம் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் அகஸ்டினா நினைத்தாள். அமலநாதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஹோவென்று அழுதார். அழுகையிலும் அதே தொண்டை. தெருவில் போன வண்டிக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"மடையா! எனக்காவ பெத்த புள்ளைய விடறியா? அப்ப நான் யாருடா? கல்லா?"

அகஸ்டினா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒங்கப்பாரு ஒரு பேரைப் பங்கு போட்டுக் குடுத்தாரு. நீங்க பொண்ணைக் குடுங்க. அந்தப் பேரு எங்கயும் போயிடாது, இவ கட்டிக்கினு போனாலும் லெப்ரேர்தான்" என்றாள். பிரகாசம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இலையைப் போடு" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது முடிவதற்குள் பிரான்சுவாவின் விடுப்பு முடிந்துவிடும். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் தாலி ஏறியாக வேண்டும். அவசர அவசரமாக ஓலை வாசிக்கக் கொடுத்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஞாயிறு பூசையில் வாசிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். புதிதாகச் சேலம் பக்கமிருந்து வந்த சாமியார் வாசித்தார். பிரான்சுவா லெப்ரேர், அமலநாதன் லெப்ரேரின் மகன். ஆனந்தமேரி லெப்ரேர், பிரகாசம் லெப்ரேரின் மகள்.

கோயிலில் சலசலவென்று பேச்சு எழுந்தது. பூசை முடிந்ததுமே உபதேசியார் தேவதாஸ் சாமியாரிடம் ஓடினார். நல்ல மனுஷர்தான். பாவம் நடந்துவிடக் கூடாதே என்கிற பதற்றம் அவருக்கு. "சாமி, அண்ணன் தம்பி பிள்ளைங்க சாமி! துக்கம் நல்லது எல்லாம் பங்காளியாத்தான் செஞ்சுக்கறாங்க. ஊருக்கே தெரியும்." சாமியாருக்கு இந்த ஊர்க் குடும்பப் பெயர்களின் சங்கதி தெரியாது. ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்றுதான் அவரும் நினைத்தார். இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

சாமியார் பங்களாவில் மேஜை மேல் சுவிசேஷம் இருந்தது. தேவதாஸ் நின்றார். இன்னும் சில பெரியவர்கள் நின்றார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாதுன்னு இது மேல கை வச்சுச் சொல்லுங்க. உடனே கல்யாணம் வச்சுடலாம்" என்றார் சாமியார்.

பிரகாசம் கையை வைத்தார். பக்கத்தில் அமலநாதன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "ரத்தம் வேறதான் சாமி" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து யாரும் கேட்டதில்லை.

தேவதாஸ் விடவில்லை. "அப்படிச் சொன்னா எப்படி? வேற வேற ஆளுங்கன்னா, யார் யாரு? ஒங்கப்பன் எந்தச் சனம், அவங்கப்பன் எந்தச் சனம்? அதைச் சொன்னாத்தானே நம்ப முடியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று பிரகாசத்துக்குத் தெரியும். ஓலை கொடுத்த அன்றிலிருந்து அவரைத் தூங்கவிடாமல் அடித்தது இதுதான். ஐம்பது வருஷமாக அந்தப் பெயர் மூடி வைத்திருந்ததை இப்போது எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும். திறந்தால் இருவரில் ஒருவர் இந்த அறையில் தாழ்ந்து போவார். நாளைக்குக் கடையில், மார்க்கெட்டில், கோயிலில் அவரைப் பார்க்கிற பார்வை மாறும். சொல்லாவிட்டால் கப்பல் போய்விடும். மகள் அழமாட்டாள், வேறு கல்யாணமும் செய்துகொள்ளமாட்டாள். பிரகாசம் சாமியாரைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்ப கோயில்ல சொவுரு இருந்திச்சே சாமி. அந்தச் சொவுத்துக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டவரு எங்கப்பன். இவங்கப்பா மிக்கேலு இந்தப் பக்கம்."

சொல்லி முடிப்பதற்குள் அமலநாதன் முன்னால் வந்து பிரகாசத்தின் கை மேலேயே தன் கையை வைத்து அழுத்தினார்.

"பொய் சாமி. அண்ணன் எனக்காவச் சொல்றாரு. அந்தப் பக்கம் இருந்தது எங்கப்பன். சவரிராயப் பெரியப்பாதான் இந்தப் பக்கம்."

"டேய், வாய மூடு!"

"நீ மூடுண்ணே! இன்னிக்கு ஒரு நாளாவது மூடு!"

"சாமி, நான் மூத்தவன், எனக்குத் தெரியாதா? எங்கப்பன்தான் அந்தப் பக்கம்!"

"எங்கப்பன் எங்க இருந்தாருன்னு எனக்குத் தெரியாதா? நாங்கதான் சாமி அந்தப் பக்கம்!"

வாயே திறக்காத அமலநாதன் போட்ட சத்தத்தில் பிரகாசத்தின் சத்தம் அமுங்கிப் போயிற்று. சாமியார் இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரில் எல்லாரும் நான் இந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று சண்டை போட்டுத்தான் அவர் பார்த்திருக்கிறார். தேவதாஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போதும்" என்றார் சாமியார். சுவிசேஷத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு நடுவுல ஒரு சுவர் இருந்துதுன்னு ரெண்டு பேரும் சொல்றீங்க. எனக்கு அது போதும். யார் எந்தப் பக்கம்னு எனக்கு வேண்டாம். உபதேசியாரே, உங்களுக்கு வேணுமா?"

"வேணாம் சாமி" என்றார் தேவதாஸ்.

சுவிசேஷத்தின் மேல் கை வைத்து இருவரில் ஒருவர் சொன்னது பொய். அந்தச் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒருவர் வெகுநேரம் முழங்காலில் இருந்தார். யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதை மறைக்கத்தானே இரண்டு பேர் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போய் ஒரு பெயரை வாங்கி வந்தார்கள்?

வெளியே வந்ததும் அமலநாதன் கூடவே நடக்காமல் கொஞ்சம் பின்தங்கினார். ரத்தம் வேறு என்று சத்தியம் செய்துவிட்டு இனிமேல் எப்படிப் பக்கத்தில் நடப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. பிரகாசம் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா தம்பி, காலு சுளுக்கிக்கிச்சா? வாடா" என்று போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. அமலநாதன் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்.

கல்யாணம் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் நடந்தது. சிலபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரவில்லை. போகட்டும், பிரகாசத்தின் கைப்பக்குவத்தைத் தின்னக் கொடுத்து வைக்கவில்லை அவர்களுக்கு. தேவதாஸ் மூன்று தடவை குழம்பு வாங்கினார். நகரசபைக் கட்டடத்தில் பதிவு செய்த எழுத்தர் பெண்ணின் பழைய பெயரை எழுதினார். புதுப் பெயரை எழுதப்போனவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆனந்தமேரி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

கப்பலேறும் நாளில்தான் புதுச் சிக்கல். மாமனாரை மாமா என்றல்லவா கூப்பிட வேண்டும்? ஆனந்தமேரி பாலத்தின் நுனியில் நின்றுகொண்டு, "போயிட்டு வரேன் சித்தப்பா" என்று அழுதாள். பிரான்சுவா "வரேன் பெரியப்பா" என்றான். மூட்டை தூக்குகிற ஆட்கள் சிரித்தார்கள். பிரகாசம் அவர்களைத் திட்டவில்லை. அவருக்கே தம்பியைச் சம்பந்தி என்று கூப்பிட வாய் வரவில்லை. ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தார். அமலநாதன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முப்பத்து ஏழில் அவர்கள் விடுப்புக்கு வந்தார்கள். படகிலிருந்து ஒரு பொடியனைத் தூக்கிப் பாலத்தின்மேல் விட்டார்கள். பேச ஆரம்பித்திருந்த பிள்ளை. இரண்டு கிழவர்களும் காலையிலிருந்து வந்து நின்றிருந்தார்கள். தேவதாஸும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பிள்ளை யார் ஜாடை என்று எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மூக்கு பிரகாசம் என்றார்கள், நெற்றி அமலநாதன் என்றார்கள்.

"தாத்தாகிட்ட வாடா" என்று கையை நீட்டினார் பிரகாசம். அமலநாதனும் சத்தமில்லாமல் கையை நீட்டினார்.

பிள்ளை இருவரையும் பார்த்தது. அப்பாவைப் பெற்றவர் யார், அம்மாவைப் பெற்றவர் யார், அதற்கு என்ன தெரியும்? "தாத்தா" என்றது. அப்புறம் இன்னொருவரைப் பார்த்து, "தாத்தா" என்றது. இருவருக்கும் அதே ஒரு வார்த்தைதான்.

பிரகாசம் குனிந்து பிள்ளையை உற்றுப் பார்த்தார். அப்பா வரிசையில் நின்று கேட்டு வாங்கியது இத்தனை வருஷம் கழித்து, இரண்டு பேர் ரத்தமும் சேர்ந்து, கால்சட்டை போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறது. பிள்ளையை அள்ளித் தூக்கினார். தூக்கியவர் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அமலநாதனின் தோளில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"கெட்டியாப் புடிடா தம்பி" என்று கத்தினார். "இது நம்ம ரெண்டு அப்பாருங்கடா!"